அயர்லாந்து கிராமத்தில் ஒரு துக்க வீடு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தின் மேற்கே, மேயோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம். நாலு வீடு தள்ளி இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ரோட்டோரம் நீளத்துக்குக் கார்கள் நின்றன. நானும் கணவரும் ஜன்னலில் நின்று பார்த்தோம், போகவில்லை. அவரோடு அதிகம் பேசிப் பழகியதில்லை, யாரும் நம்மைக் கூப்பிடவும் இல்லை, வேற்று மதம் வேறு, நம்மால் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று இருந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்துக் கடையில் அவருடைய மகளைப் பார்த்தேன். "அப்பா உங்கள் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி சொல்வார், நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு ரொம்ப வலித்தது.

அப்புறம் பல துக்க வீடுகளுக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு அம்மா இறந்தபோது அவருடைய அண்ணன் மகளோடு கூடவே நின்று, பதிவு அலுவலகம் முதல் கல்லறை வரை எல்லாவற்றுக்கும் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது மேற்குப் பகுதியில் கத்தோலிக்கர்கள் அதிகமுள்ள கிராமங்களின் வழக்கம். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

1. அழைப்புக்குக் காத்திருக்காதீர்கள்

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டால் போ என்று நம்மிடம் ஒரு முறை உண்டல்லவா, இங்கும் அச்சு அசல் அதேதான். எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போவது என்பார்கள். இங்கே அதற்கு 'வேக்' என்று பெயர். இறந்தவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய மகனோடு வேலை பார்த்தால் போதும், பேத்தி உங்கள் பிள்ளையோடு படித்தால் போதும், போகலாம்.

ஆனால் எல்லாம் வேகமாக நடக்கும். செவ்வாய் இறந்தால் புதன் வேக், வியாழன் அடக்கம் என்பதுதான் சாதாரணக் கணக்கு. இங்கிலாந்தைப் போல இரண்டு மூன்று வாரம் காத்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பிள்ளைகள் வரவேண்டியிருந்தால் ஓரிரு நாள் தள்ளும், அவ்வளவுதான். 'இந்த வாரக் கடைசியில் போய்க்கொள்ளலாம்' என்று இருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

2. அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள்

சாவுச் செய்தி ஆர்ஐபி டாட் ஐஇ என்ற இணையதளத்தில் வரும். ஊர்ப் பெயரையோ கவுண்டியையோ போட்டுத் தேடலாம். வயதானவர்கள் உள்ளூர் ரேடியோவில் கேட்பார்கள். எங்கள் பக்கம் மிட்வெஸ்ட் ரேடியோ, டோனிகாலில் ஹைலண்ட் ரேடியோ, கெரியில் ரேடியோ கெரி. மரண அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் என் பக்கத்து வீட்டு அம்மா யாரையும் பேசவிட மாட்டார்.

அறிவிப்பில் நாலைந்து வார்த்தைகளுக்குப் பொருள் தெரிந்தால் போதும். 'ரெபோஸிங் அட் ஹோம்' என்றால் உடல் வீட்டில் இருக்கிறது, சொன்ன நேரத்துக்குள் யாரும் வரலாம். 'ரெபோஸிங் அட் ஃப்யூனரல் ஹோம்' என்றால் பார்வைக்கு வைத்திருப்பது அண்டர்டேக்கருடைய, அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்துதருபவருடைய இடத்தில், பெரும்பாலும் மாலை இரண்டு மூன்று மணி நேரம் மட்டும். 'ரிமூவல்' என்பது உடலை அங்கிருந்து தேவாலயத்துக்கு எடுத்துப் போவது. 'ஃபேமிலி ஃப்ளவர்ஸ் ஒன்லி' என்றால் மலர்வளையம் வாங்கக் கூடாது. அதற்குப் பதிலாக எந்த அமைப்புக்கு நன்கொடை தரலாம் என்று அடுத்த வரியில் இருக்கும்.

பலர் தவறுவது 'ஹவுஸ் ப்ரைவேட்' என்ற இடத்தில். அப்படி இருந்தால் வீட்டுக்குப் போகவே கூடாது, எவ்வளவு நெருங்கிப் பழகியிருந்தாலும் சரி. ஃப்யூனரல் ஹோமுக்கோ தேவாலயத்துக்கோ போங்கள். சில சமயம் 'அடக்கத்தன்று காலை மட்டும் ஹவுஸ் ப்ரைவேட்' என்று போட்டிருப்பார்கள். அதாவது முந்தின நாள் போகலாம், கடைசி நாள் காலை குடும்பத்தை விட்டுவிட வேண்டும்.

3. கையில் என்ன கொண்டுபோவது

பணக் கவர் வேண்டாம். மொய் மாதிரி நினைத்து 50 யூரோவை உறையில் போட்டுக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வாங்கியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சங்கடமாகிவிட்டது.

கொடுப்பது 'மாஸ் கார்டு'. இறந்தவருக்காகத் திருப்பலி (தேவாலயத்தில் நடத்தும் பூசை) ஒப்புக்கொடுக்கப்படும் என்று பாதிரியார் கையெழுத்திட்ட அட்டை அது. ஊர்த் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்துக்கோ பாதிரியார் வீட்டுக்கோ போய், இறந்தவர் பெயரைச் சொன்னால் எழுதித் தருவார்கள். காணிக்கையாக 5 முதல் 10 யூரோ வைப்பது வழக்கம். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் வாங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே கையெழுத்து அச்சிட்ட அட்டையைக் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். ஆயரோ துறவற சபைத் தலைவரோ அனுமதித்த ஏற்பாடு இல்லாமல் மாஸ் கார்டு விற்பது 2009ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டப்படி குற்றம். மாஸ் கார்டில் மனம் ஒப்பவில்லையென்றால் சாதாரண இரங்கல் அட்டையில் இரண்டு வரி எழுதுங்கள். இறந்தவரைப் பற்றி ஏதாவது ஒரு ஞாபகம் இருந்தால் அதையே எழுதுங்கள். அந்த அட்டைகளைக் குடும்பம் வருடக்கணக்கில் வைத்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் உணவும் கொண்டுபோகலாம். சாண்ட்விச், கேக், ஒரு பெரிய பாத்திரத்தில் சூப். தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். அந்தச் சமையலறையில் ஒரே நேரத்தில் முப்பது தட்டுகள் சேரும். நான் முதல் தடவை எலுமிச்சை சாதம் கொண்டுபோகலாமா என்று தயங்கினேன். கொண்டுபோனேன், இரவு கண்விழித்த ஆண்கள் காலி செய்துவிட்டார்கள். ஆனால் காரத்தைக் குறையுங்கள்.

4. வீட்டுக்குள் நுழைந்தால்

உடை: அடர்ந்த நிறத்தில் எதுவும் சரி. முழுக் கறுப்பு தேவையில்லை. நம் வழக்கப்படி வெள்ளை உடுத்திப் போனால் தனித்துத் தெரிவீர்கள். வெளியே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், கோட்டை மறக்காதீர்கள்.

முன்வாசல் வழியாக உள்ளே, பின்வாசல் வழியாக வெளியே என்று வரிசை நகரும். சவப்பெட்டி திறந்திருக்கும். விரல்களில் செபமாலை சுற்றியிருக்கும், பக்கத்தில் மெழுகுவத்தி எரியும். சுற்றிலும் நாற்காலிகளில் குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி 'ஸாரி ஃபார் யுவர் ட்ரபுள்' என்று சொல்ல வேண்டும். எல்லாரும் இதையேதான் சொல்வார்கள், நீங்களும் இதையே சொல்லுங்கள். புதிதாக ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று தவிக்க வேண்டாம். உங்களை அடையாளம் தெரியாதவரிடம் 'இரண்டாவது வீட்டில் குடியிருக்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சவப்பெட்டி அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். சிலர் இறந்தவரின் கையைத் தொடுவார்கள், சிலர் நெற்றியில் சிலுவை வரைவார்கள், சிலர் மண்டியிட்டு ஜெபிப்பார்கள். உங்களுக்கு இயல்பானதைச் செய்யுங்கள், கைகூப்பினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நான் கைகூப்பியபோது பக்கத்திலிருந்த கிழவி எனக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.

கடிகாரம் நின்றிருக்கலாம், கண்ணாடிமேல் துணி போர்த்தியிருக்கலாம், ஜன்னல் ஒன்று திறந்திருக்கலாம். குளிருகிறதே என்று அந்த ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். உயிர் வெளியே போகத் திறந்து வைத்தது அது. இவையெல்லாம் இப்போது எல்லா வீட்டிலும் பார்க்க முடிவதில்லை, ஆனால் எங்கள் ஊரில் இன்னும் செய்கிறார்கள்.

நம் ஒப்பாரி மாதிரி இங்கும் ஒரு காலத்தில் பெண்கள் பாடி அழுதார்கள். இப்போது அது கிடையாது. சத்தமாக அழுபவர்களைப் பார்ப்பதே அரிது. அடுத்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும், இறந்தவர் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அது அவர்கள் மரியாதை செய்யும் விதம். உங்களிடம் ஒரு கதை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இரவில் உடலைத் தனியாக விடுவதில்லை. ஒன்பது, பத்து மணிக்குச் செபமாலை சொல்வார்கள். அதன்பிறகு நெருங்கியவர்கள் மட்டும் மாறி மாறிக் கண்விழிப்பார்கள். கேட்டாலன்றி நீங்கள் இருக்க வேண்டாம். சாதாரணமாகப் போகிறவர்களுக்கு அரை மணி நேரம் போதும். மதியம் கூட்டம் குறைவு, மாலை 5 முதல் 8 வரைதான் நெரிசல். பிள்ளைகளை அழைத்துப் போகலாம். இங்கே குழந்தைகள் சாவு வீட்டில் சகஜமாக இருப்பார்கள்.

5. டீயை மறுக்காதீர்கள்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சாவு வீட்டில் கை நனைக்கக் கூடாது, போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அதற்கு நேர்மாறு. சமையலறையில் பர்கோ என்று சொல்லும் பெரிய டீ பாய்லர் இரண்டு நாளும் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும். யாராவது ஒரு பெண் உங்கள் கையில் கோப்பையைத் திணித்து, ஹாம் சாண்ட்விச் தட்டை நீட்டுவார். முதலில் ஒரு தடவை வேண்டாம் என்பது இங்கே மரியாதைக்குச் சொல்வது, அவர்களும் விடாமல் மறுபடி கேட்பார்கள். கடைசிவரை மறுத்தால்தான் மனம் நோகும். சைவம் என்றால் ஒரு துண்டு கேக் எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பதை வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம், அது உங்கள் விருப்பம்.

குடித்த கோப்பையை நீங்களே கழுவிவைக்கத் தொடங்கினால் அந்தச் சமையலறையில் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும். நான் ஊர்க்காரர்களோடு நெருங்கியது அந்தத் தொட்டி அருகே நின்றுதான்.

6. திருப்பலியும் அடக்கமும்

திருப்பலி பெரும்பாலும் காலை 11 அல்லது 12 மணிக்கு. கால்மணி நேரம் முன்னதாகப் போய்ப் பின்பக்கம் உட்காருங்கள். முன்வரிசை குடும்பத்துக்கு. முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். நற்கருணை, அதாவது பாதிரியார் தரும் அப்பம், கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அல்லது வரிசையில் போய் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால் பாதிரியார் ஆசீர்வதிப்பார்.

சவப்பெட்டியை ஆறு பேர் தோளில் தூக்குவார்கள். ஆண்களே, உங்களைக் கூப்பிட்டால் தயங்காதீர்கள், அது பெரிய மரியாதை. உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். எதிரில் இருப்பவரின் தோளைக் கையால் பற்றிக்கொண்டு, அண்டர்டேக்கர் சொல்கிற மாதிரி நடந்தால் போதும். சவ வண்டி தெருவில் போகும்போது கடைக்காரர்கள் கதவைச் சாத்தி விளக்கை அணைப்பார்கள். எதிரே காரில் வந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள், முந்திப் போகவே கூடாது.

கல்லறைத் தோட்டம் சேறாக இருக்கும், அதற்கேற்ற காலணி போடுங்கள். எங்கள் ஊரில் குழியை இன்னும் அக்கம்பக்கத்தார்தான் வெட்டுகிறார்கள். திங்கட்கிழமை அடக்கமென்றால் ஞாயிறே ஒரு கொத்து மண்ணையாவது வெட்டி எடுத்துவிடுவார்கள். திங்களில் புதுக்குழி தோண்டக் கூடாது என்பது நம்பிக்கை. ஜெபம் முடிந்ததும் அதே ஆட்கள் மண்வெட்டியோடு நின்று குழியை மூடுவார்கள். அதுவரை யாரும் கலைய மாட்டார்கள், நீங்களும் நில்லுங்கள்.

கடைசியில் பாதிரியார், குடும்பத்தார் எல்லாரையும் இன்ன ஹோட்டலுக்கு அழைக்கிறார்கள் என்று அறிவிப்பார். எல்லாரையும் என்றால் உங்களையும்தான். சூப்பும் சாண்ட்விச்சும், அல்லது முழுச் சாப்பாடு.

7. லீவு

இரங்கல் விடுப்பு இங்கே சட்டப்படி கிடைக்கும் உரிமை கிடையாது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பக்கத்து வீட்டாரின் அடக்கத்துக்குப் பெரும்பாலும் வருடாந்திர விடுப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் 'ஃப்யூனரலுக்குப் போக வேண்டும்' என்று சொன்னால் ஷிஃப்டை மாற்றிக்கொடுக்க யாராவது முன்வருவார்கள். அந்த வார்த்தைக்கு இங்கே மதிப்பு அதிகம்.

8. குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டி வந்தால்: காகிதங்கள்

பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில்தான் உயிர் பிரிந்தது. அப்போது முதலில் கூப்பிட வேண்டியது குடும்ப மருத்துவரை, இரவாக இருந்தால் இரவு நேர மருத்துவச் சேவையை. மருத்துவர் வந்து உறுதிசெய்யும்வரை உடலை எங்கும் நகர்த்தக் கூடாது. அப்புறம் பாதிரியார், அதன்பின் அண்டர்டேக்கர்.

எதிர்பாராத மரணம், விபத்து, அல்லது கடைசி ஒரு மாதத்தில் மருத்துவர் பார்த்திராத மரணம் என்றால் விஷயம் கரோனரிடம், அதாவது மரண விசாரணை அதிகாரியிடம் போகும். அவர் சார்பாகக் கார்டா, அதாவது போலீஸ், வந்து கேள்வி கேட்கும். பயப்படத் தேவையில்லை, அது வழக்கமான நடைமுறை. பிரேதப் பரிசோதனை வேண்டியிருந்தால் அடக்கத் தேதியை அது முடியும்வரை அறிவிக்காதீர்கள். இறப்புச் சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கரோனரிடம் இடைக்காலச் சான்று கேட்டு வாங்குங்கள்.

மற்றபடி, இறப்புக்கான காரணத்தை எழுதி மருத்துவர் ஒரு படிவம் தருவார். அதற்கு 'டெத் நோட்டிஃபிகேஷன் ஃபார்ம்' என்று பெயர். அதை எந்தச் சிவில் பதிவு அலுவலகத்திலும் கொடுத்து இறப்பைப் பதிவு செய்யலாம், அதே கவுண்டியாக இருக்க வேண்டியதில்லை. அடக்கம் முடிந்தபிறகு செய்தாலும் சரிதான். நாங்கள் செய்தபோது கெடு 3 மாதம். இந்த விதிகள் மாறுகின்றன, அதனால் முதல் வாரத்திலேயே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கையில் வேண்டியவை: பதிவு செய்பவரின் புகைப்பட அடையாளம், இறந்தவரின் பிபிஎஸ் எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்), பிறந்த தேதி, பிறந்த ஊர், தொழில், திருமண நிலை, தாய் தந்தை பெயர்கள், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். இந்தக் கடைசி விவரம்தான் பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. அண்ணன் மகளுக்கே தெரியவில்லை, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்தோம்.

பதிவு இலவசம், சான்றிதழ் ஒரு பிரதி 20 யூரோ. சமூக நலத் துறைக்கு மட்டும் என்றால் 1 யூரோ. நாங்கள் ஒரே ஒரு பிரதி வாங்கிவந்து தவறு செய்தோம். வங்கி அசலைக் கேட்டது, கிரெடிட் யூனியன் (கூட்டுறவுச் சேமிப்பு, கடன் சங்கம்) கேட்டது, காப்பீட்டு நிறுவனம் தபாலில் அனுப்பச் சொல்லி ஆறு வாரம் வைத்துக்கொண்டது. முதலிலேயே மூன்று, நான்கு பிரதிகள் வாங்குங்கள்.

இணைய அறிவிப்பை அண்டர்டேக்கர் போடுவார். 2025 ஜனவரியிலிருந்து அதற்கு 100 யூரோ கட்டணம். வெளியாகுமுன் நீங்களே ஒருமுறை படியுங்கள். வீட்டின் ஏழு எழுத்து ஏர்கோடு, அதாவது அஞ்சல் குறியீடு, அதில் இருக்க வேண்டும். கிராமத்துச் சாலைகளுக்குப் பெயர் கிடையாது. எங்கள் அறிவிப்பில் அது விட்டுப்போய், தூரத்திலிருந்து வந்தவர்கள் இருட்டில் வழிதவறிச் சுற்றினார்கள். கார் நிறுத்த வயல் கேட்பது, நாற்காலி கேட்பது, ஒளிரும் மேல்சட்டை போட்டு வழிகாட்டுவது எல்லாவற்றையும் ஊர் ஜிஏஏ விளையாட்டுக் கிளப் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு போன் போதும்.

9. செலவு

சவப்பெட்டி, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), வண்டி, அண்டர்டேக்கரின் கட்டணம், காணிக்கை, பாடகர், பூ, அறிவிப்பு எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 5,500 யூரோவைத் தாண்டியது. ஹோட்டல் சாப்பாடு தனி. அவர்கள் குடும்பத்துக்குப் பழைய கல்லறை இருந்ததால் இடம் வாங்கும் செலவு மிச்சமானது. புது இடம் வேண்டுமென்றால் கவுண்டி கவுன்சிலிடம் கேளுங்கள், விலை கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அண்டர்டேக்கரிடம் முதல் நாளே செலவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், கூட இருப்பவர் கேட்பதுதான் நல்லது.

பணம் கிடைக்கும் வழிகளில் முதலில் பார்க்க வேண்டியது கிரெடிட் யூனியன். பலவற்றில் உறுப்பினருக்கு இறப்புக் காப்பீடு இருக்கும், குடும்பத்துக்கே தெரியாமல்கூட. இறந்தவரின் வங்கிக் கணக்கு முடங்கியிருந்தாலும், அண்டர்டேக்கரின் பில்லைக் காட்டினால் அந்தத் தொகையை வங்கிகள் பொதுவாக விடுவிக்கும். உண்மையில் கஷ்டப்படுபவர்கள் சமூக நல அதிகாரியிடம் கூடுதல் தேவைக்கான உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பில்லைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சார்ந்திருக்கும் பிள்ளைகளோடு கணவனையோ மனைவியையோ இழந்தவருக்கு 8,000 யூரோ ஒருமுறை உதவி உண்டு. ஊர்ப் பெரியவர்கள் 'எல்லாருக்கும் 850 யூரோ சாவுப் பணம் வரும்' என்று இன்னும் சொல்வார்கள். அது 2014 ஜனவரியோடு நின்றுபோனது.

10. நம்மவர் யாராவது இறந்துவிட்டால்

எரியூட்டும் இடங்கள் நாட்டில் சிலவே. மேற்கில் இருப்பவர்களுக்கு ஷானன், கேவன் இரண்டும்தான் பக்கம், அவையே நீண்ட பயணம். எரிப்பதற்கு மருத்துவரின் தனிப் படிவம் வேண்டும். உடலை ஊருக்கு அனுப்புவதென்றால் கரோனரின் அனுமதி, எம்பாமிங் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் தேவை. இனிஷியல் மட்டும் வைத்துக்கொள்ளும் நம் பெயர்கள் இந்த ஊர்ப் படிவங்களில் சிக்கலைக் கொடுக்கும். எல்லாக் காகிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் துக்கம் என்றால் ஊரே வந்து நிற்கும். கதவைத் திறந்து வையுங்கள், டீ போட அவர்களே ஆள் வைத்துக்கொள்வார்கள்.

11. ஒரு மாதம் கழித்து

அடக்கத்தோடு முடியவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் 'மன்த்ஸ் மைண்ட்' என்ற நினைவுத் திருப்பலி, பெரும்பாலும் வாரக் கடைசியில். அடக்கத்துக்குப் போக முடியாதவர்கள் இதற்காவது கட்டாயம் போங்கள். சில மாதம் கழித்துப் படம் போட்ட நினைவு அட்டை தபாலில் வரும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். கோடையில் ஒரு ஞாயிறு கல்லறைகளை மந்திரிப்பார்கள், அதாவது ஜெபித்து ஆசீர்வதிப்பார்கள். அதற்கு முந்தின வாரம் எல்லாரும் வந்து களை பிடுங்கி, கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதைச் செய்ய ஊரில் ஆள் இல்லை. அந்த வாரம் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு நானும் பிள்ளைகளும் போகிறோம்.